உட்கார்ந்தே சமைக்கிறேன்

ஆம்பூர்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புள்ள ஹரிணிக் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இந்த வீட்டில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வார்த்தை வரவில்லை, ஏன் என்று கீழே எழுதுகிறேன். வாரம் தவறாமல் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். போனில் சொன்னால் உன் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டு அக்தரி அக்காவின் தங்கை மகள் முபஷ்ஷிரா மேல்படிப்புக்கு நீ இருக்கும் லீட்ஸுக்கே வருகிறாள், புதன்கிழமை விமானம், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கு டியூட்டி இல்லாத நாளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நீ படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பிவிடாதே, ஒரு டீ போட்டுக் கொடுத்து உட்கார வை.

போன வாரம் நீ அனுப்பிய குரல் பதிவில், டிசம்பரில் வரும்போது சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்கிற ஷூ ஒன்று வாங்கி வருகிறேன், ரெண்டு காலையும் பேப்பரில் வைத்துக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்லியிருந்தாய். அதை நான்கு தடவை போட்டுக் கேட்டேன். ஹரிணி, எனக்கு இடது கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளவு விட்டு மாசி மாதம் எடுத்துவிட்டார்கள். ஏழு மாதம் ஆகிறது. இதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், எப்படி எழுதினாலும் கடைசியில் இந்த ஒரு வரியில்தான் வந்து நிற்கிறது. இப்போது புண் நன்றாக ஆறிவிட்டது, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை. அவ நர்ஸு, அவளுக்கு மொதல்ல அதான் தெரியணும் என்று அக்தரி அக்கா சொன்னார், அதனால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

நீ வாங்கி அனுப்பிய ஏர் ஃப்ரையரிலிருந்தே சொல்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் எனக்கு மூன்று மாதச் சர்க்கரை பத்தரை என்று வந்ததும் நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு அந்தப் பெட்டி வாசலுக்கு வந்தது. மாவுச்சத்து கம்மியாக, எண்ணெய் கம்மியாக, சாயங்காலப் பசிக்கு இதில் செய்துகொள் என்று தினம் ஒரு வீடியோ அனுப்பினாய். முதல் நாளே நான் கடலைமாவைக் கரைத்து வாழைக்காயைத் தோய்த்து உள்ளே வைத்தேன், மாவெல்லாம் கூடையின் ஓட்டை வழியாகக் கீழே ஒழுகித் தீய்ந்து வீடெல்லாம் புகை, அக்தரி அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, இன்னா கலை, காத்துச் சட்டில பஜ்ஜி போடுறியா என்று வயிறு குலுங்கச் சிரித்தார். உன்னிடம் சொன்னபோது நீயும் சிரித்தாய். உன்னிடம் சொல்லாமல் விட்டதும் உண்டு. தினம் வெண்டைக்காயும் பனீரும் செய்து உனக்குப் படம் அனுப்பினேன், அது பொய்யில்லை, ஆனால் அதே நாட்களில் ஷூ கம்பெனியில் நாலு மணி பிரேக்குக்கு கேட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போய் இரண்டிரண்டு சமோசாவும் தின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் தின்று பழகிய வாய். என்னோடு தைக்கிற பெண்கள் எல்லாரும் எழுந்து போகும்போது நான் மட்டும் டப்பாவைத் திறந்து வெண்டைக்காயைக் கொறிக்க வெட்கமாக இருந்தது. நோயாளி என்று தெரிந்தால் மெஷினிலிருந்து எழுப்பி நூல் வெட்டுகிற இடத்தில் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு, யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானே நினைத்துக்கொண்டது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஷூவுக்கு அடிப்பாகம் சேர்க்கிற பக்கத்தில் சின்னச் சின்ன ஆணிகள் கீழே விழும், தினமும் பெருக்குவார்கள், ஒன்றிரண்டு தப்பிப் போகும். அன்றைக்கு அந்தப் பக்கமாகப் போய் வந்தது ஞாபகம் இருக்கிறது, எப்போது குத்தியது என்றுதான் தெரியாது. நாள் முழுக்கத் தைத்தேன், பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், கீரை வாங்கினேன், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் இடது செருப்பு கழலவில்லை. பிடித்து இழுத்தேன். செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்த ஆணி பெருவிரலுக்குக் கீழே சதையில் ஏறியிருந்தது, ரத்தம் வழிந்து காய்ந்து கறுத்துப் போயிருந்தது. வலியே இல்லை ஹரிணி. ரத்தத்தைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வலிக்கலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லம்மா, நரம்பு மரத்துப் போய்டுச்சுன்னு அர்த்தம், தினம் கண்ணாடி வெச்சு உள்ளங்காலைப் பாரு என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நான் ஆணியைப் பிடுங்கிப் போட்டேன், மஞ்சளைக் குழைத்துப் பூசினேன், அப்பா பிரியாணிக் கடையிலிருந்து வருவதற்குள் தரையைத் துடைத்துவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். வழக்கம்போலக் காலைக் காட்டச் சொன்னாய். மஞ்சள் பூசிய காலை மடித்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு, இப்பதான் குளிச்சேன், நல்லாத்தான் இருக்கு கண்ணு, அதை எதுக்குத் தூக்கிக் காட்டணும் என்று சொல்லிவிட்டு, காலிஃப்ளவர் எத்தனை நிமிஷம் வைக்கணும் என்று உன்னைக் கேட்டேன். நீயும் சந்தோஷமாக அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அன்றைக்கு நான் காட்டியிருந்தால் நீ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருப்பாய், நான் போயிருப்பேன், ஒரு விரலோடு முடிந்திருக்கும், அதுவும் போயிருக்காது என்று பிறகு டாக்டரே சொன்னார். இந்த ஏழு மாதமும் என் மனசில் ஓடுவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதற்குப் பிறகு நான்கு நாளில் குளிர்க் காய்ச்சல் வந்தது, அக்தரி அக்கா கஞ்சி கொண்டுவந்தவர் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று போர்வையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்ததும் அப்பாவின் கடைக்கு ஆள் அனுப்பினார். வேலூருக்குப் போனோம். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள், பத்து நாளில் அழுகல் மேலே ஏறியது, கால் போகட்டும் உயிர் இருக்கட்டும் என்று அப்பா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குத் திரும்பிய அன்று பையில் இரண்டு செருப்பும் இருந்தன. இடது செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வெகுநேரம் நின்றார். நான் ஆட்டோவுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் மறைத்தது என் முடிவு. அப்பா மேல் கோபப்படாதே. பாப்பா நர்ஸு, அவகிட்ட மறைக்கிறது தப்பு கலை என்று அவர் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சொன்னார். உனக்கு அப்போது நர்ஸ் பதிவுக்கான பரீட்சை இருந்தது, ஒருமுறை தவறி, இரண்டாம் முறை எழுதப் போகிறாய், இந்தச் செய்தி கேட்டால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். என் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னோடு பேசிய மூன்று ஞாயிறும் அக்தரி அக்கா தன்னுடைய பச்சைப் புடவையைக் கட்டிலுக்குப் பின்னால் திரை மாதிரி கட்டிவிடுவார், என் தலையை வாரிப் பூ வைத்துவிடுவார், குடியாத்தத்தில் சித்தி வீட்டில் இருக்கிறேன், இங்கே சிக்னல் சரியில்லை என்று சொல்லி ஐந்து நிமிஷத்தில் வைத்துவிடுவேன். பங்குனியில் நீ பாஸ் பண்ணிவிட்டேன் என்று அழுதுகொண்டே கூப்பிட்டாய். அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை, வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் சொல்வது அதற்கு முந்தின வாரத்தைவிடக் கஷ்டமாகிவிட்டது. நீ காலைக் காட்டச் சொன்னபோது வலது காலைக் காட்டினேன். அடுத்த காலு என்றாய். பெருவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்துவிடுவாயோ என்று அதே காலின் குதிகாலை மட்டும் போனுக்குக் கிட்டே கொண்டுபோய் லைட் போதவில்லை என்றேன். ரெண்டும் நல்லா இருக்கும்மா, இப்டியே பாத்துக்கோ என்று சொன்னாய். நீ வைத்த பிறகு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் நான் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். ஆணி ஏறியபோது வராத வலி இப்போது வருகிறது, இல்லாத பெருவிரலில் சுருக்கென்று குத்தும், கையைக் கொண்டுபோனால் அங்கே மெத்தைதான் இருக்கும். உனக்கு இது தெரிந்திருக்கும், உங்கள் புத்தகத்தில் இதற்குப் பெயர்கூட இருக்குமாம், டாக்டர் சொன்னார். சமையல் மேடை இடுப்பு உயரம், என்னால் நிற்க முடியாது, அப்பாவுக்குத் தெரிந்தது உப்புமாவும் ரசமும்தான், அதைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் நிற்பார், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டுவேன், அவரும் சாப்பிடமாட்டார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிடந்து சர்க்கரை இறங்கி இரண்டு முறை மயக்கம் வந்துவிட்டது. இரண்டாவது முறை அக்தரி அக்கா, சமையல் மேடை மேல் துண்டு போர்த்தி வைத்திருந்த ஏர் ஃப்ரையரைத் தூக்கிக்கொண்டு வந்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தார். நீ எழுந்து அடுப்பாண்ட போவ வேணாம், அடுப்பு உன்னாண்ட வந்துடுச்சு, உட்காரு என்றார். ஒரு கிண்ணத்தில் கோழிக் கைமா கொண்டுவந்திருந்தார். வெங்காயத்தை நறுக்கி உப்புப் போட்டுக் கையால் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம், இல்லையென்றால் உருட்ட வராது. இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், புதினா, கொஞ்சம் கரம் மசாலா, ஒரு முட்டை. பிரெட் தூள் போடுகிற இடத்தில் வறுத்த வேர்க்கடலைப் பொடி இரண்டு ஸ்பூன். விரல் நீளத்துக்கு உருட்டி, கூடையில் எண்ணெயைத் தொட்டுத் தடவி, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கி நூற்றெண்பது டிகிரியில் பதினாலு நிமிஷம், பாதியில் திருப்பிவிட வேண்டும். உருட்டுகிற வேலையை என் மடியில் தட்டை வைத்து என்னையே செய்ய வைத்தார். கைமாவில் கை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. அழுதுட்டே உருட்டு, உப்பு கரெக்டா ஆய்டும் என்றார். அன்றைக்கு ஐந்து துண்டு சாப்பிட்டேன். அப்பா இரண்டு சாப்பிட்டார்.

அதிலிருந்து தினம் உட்கார்ந்தே சமைக்கிறேன். நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் முதலிலிருந்து மறுபடி பார்த்தேன், இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தேன். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து நீளவாக்கில் நாலாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறி நூற்றெழுபதில் பதினைந்து நிமிஷம், நடுவில் இரண்டு முறை குலுக்கினால் மொறுமொறுவென்று வருகிறது. பனீரைத் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் ஊறவைத்தால்தான் மசாலா பிடிக்கிறது, நீ சொன்ன பத்து நிமிஷம் நம் ஊர்ப் பனீருக்குப் போதவில்லை, பன்னிரண்டு வைக்கிறேன். காலிஃப்ளவரை வெந்நீரில் போட்டு எடுத்தபின் துணியில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும், ஈரத்தோடு வைத்தால் வறுபடாமல் வெந்து குழைந்துவிடுகிறது, மைதாவும் சோளமாவும் இல்லாமல் முட்டை வெள்ளையில் புரட்டி வேர்க்கடலைப் பொடி தூவினால் போதும். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மிளகும் சீரகமும் தூவி ஐந்து நிமிஷம் வைத்தால் அவசரத்துக்கு ஆகும், டியூட்டி முடிந்து பசியோடு வருகிறவளே, அதை நீயும் செய்துகொள். காளான் மட்டும் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை, தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கிறது. காய் நறுக்கித் தருவதும் கூடை கழுவுவதும் அப்பா வேலை. மணி அடித்ததும் திண்ணையிலிருந்து எழுந்து வந்து கூடையை இழுத்துக் குலுக்கி உள்ளே தள்ளிவிட்டுப் போய் உட்கார்வார். முன்பு மாதிரிப் பேச்சில்லை அவருக்கு. நாள் முழுக்கக் கடையில் பிரியாணி பார்சல் கட்டுகிறவர், இப்போதெல்லாம் அங்கேயே குளித்து வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறார். அந்த வாசனை எனக்கு ஆசை கிளப்பிவிடுமாம். நான் கேட்கவில்லை, அவராகச் செய்கிறார்.

ஆனி மாதத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் கம்பெனியில் என் லைனில் தைக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் பார்க்க வருகிறார்கள். முதலில் பழமும் பிஸ்கட்டுமாக வந்தவர்கள், நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு எங்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள். கேட்கக் கேட்கத்தான் தெரிகிறது, அந்த ஐந்தாறு பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை இருக்கிறது, மூன்று பேருமே நான் பயந்த மாதிரியே பயந்துகொண்டு நாலு மணிக்கு சமோசா தின்கிறார்கள். வெண்டைக்காய்க்கு வெட்கப்பட்டது நான் மட்டும் இல்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்தேன், மொதல்ல காலைக் காட்டு, அப்புறம்தான் தட்டு. சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். போன மாதம் உமைமா என்கிற பெண் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயசுதான் மூத்தவள், இரண்டாவது பிரசவத்திலிருந்து சர்க்கரை. எல்லாரும் காட்டியபின் அவள் மட்டும் காலைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்குக்கா, அதை எதுக்குப் பாக்கணும் என்றாள். ஹரிணி, அது நான் உன்னிடம் சொன்ன வார்த்தை. அப்படியே அதே வார்த்தை. அப்பாவும் அக்தரி அக்காவும் தவிர வேறு யாருக்கும் என் வெட்டுப்பட்ட காலை அதுவரை நான் காட்டியதில்லை, மேலே எப்போதும் துண்டு போட்டிருப்பேன். அன்றைக்குத் துண்டை எடுத்துவிட்டுப் புடவையை மேலே ஏற்றினேன். நானும் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன் உமைமா, நர்ஸுக்குப் படிச்ச எம்பொண்ணுகிட்டயே சொன்னேன் என்றேன். உமைமா கீழே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள். புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் கொப்புளம், ஓரத்தில் கறுக்க ஆரம்பித்திருந்தது, அவளுக்கும் வலி தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே அக்தரி அக்கா அவளை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள், ஆறிவிட்டது. போன ஞாயிறு வந்து முதல் ஆளாகக் காலை நீட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அவர்கள் போனபின் என்னால் தாங்க முடியவில்லை. அவளுடைய கால் தப்பித்தது எனக்குச் சந்தோஷம்தான், சாமி சத்தியமாகச் சந்தோஷம்தான். எனக்கும் ஒருத்தி கேட்டாளே, ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கமிருந்து வாராவாரம் கேட்டாளே, அவளிடம் நான் இப்படிச் செய்தேனே என்று அழுதேன். அந்தப் பெண்களிடம் மறைக்காதே மறைக்காதே என்று சொல்லிவிட்டு உன்னிடம் இன்னும் மறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் மனசு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. நான் இன்னும் வற்புறுத்திக் கேட்டிருக்கணும், குதிகாலைப் பார்த்தபோதே கண்டுபிடித்திருக்கணும் என்று உன்னையே குத்திக்கொள்வாய். வேண்டாம். நீ கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாய். பொய் சொன்னது நான், அதை உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே. அங்கே நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் யாரோ ஒரு பெரியவருக்குக் காலைத் துடைத்து மருந்து போடும்போது இங்கே அம்மாவுக்குச் செய்ய முடியவில்லையே என்று நினைத்து அழாதே, அவர் பயந்துவிடுவார், அவருக்கு என்ன தெரியும் பாவம். வேலையை விட்டுவிட்டு உடனே ஓடி வராதே. டிக்கெட் போட்டபடி டிசம்பரில் வா, அதற்குள் ஓடிவந்து நீ செய்வதற்கு இங்கே ஒன்றும் இல்லை, முடிந்துவிட்டது. செயற்கைக் கால் ஆடியில் கொடுத்தார்கள், காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி போட்டுப் பழகுகிறேன், சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய்த் திரும்புகிறேன், சில நாள் உராய்ந்து சிவந்துவிடுகிறது, அப்போது கழற்றி வைத்துவிடுகிறேன், அப்பா கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். மறுபடி மெஷினில் உட்கார முடியுமா என்று தெரியாது. கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பார்க்கலாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார், சொன்னதோடு இருக்கிறது. மற்றபடி ஊரில் மழை நல்ல மழை, பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என் பக்கமும் சர்க்கரை, அப்பா பக்கமும் சர்க்கரை, உனக்கும் முப்பது நெருங்குகிறது, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு, மறந்துபோனேன் என்று சொல்லாதே. வேலை முடிந்து வந்து வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் மலை மேல் இருக்கிற முருகன் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், அவரையும் இரண்டு வரி எழுதச் சொன்னேன், பேனாவை வாங்கிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, நீயே எழுதிடு, எனக்கு வரல என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய ஆசீர்வாதத்தையும் நானே எழுதுகிறேன்.

இதைப் படித்தபின் வருகிற ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல அதே நேரத்துக்குக் கூப்பிடு. போனை அப்பா கொஞ்சம் தள்ளி நின்று பிடிப்பார். பின்னால் திரை எதுவும் கட்டமாட்டோம். நான் புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், உனக்கு எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ பார். அழுதாலும் சரி, திட்டினாலும் சரி, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி, நீயாக வைக்கிறவரை நான் போனை வைக்கமாட்டேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
ப. கலையரசி.